மார்லிஸின் இடது முழங்காலும் நாற்பத்தோராயிரம் காலடிகளும்

செப்டம்பர் 30, திங்கட்கிழமை, பிற்பகல்

அன்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மூத்த சகோதரி ஆர்டிஸ் அவர்களுக்கு,

தம்பி வெர்னர் பணிவுடன் எழுதும் கடிதம். இங்கே நான் சுகம். நாய் குஸ்தாவ் அளவுக்கு மீறிச் சுகம், அதன் விவரம் கீழே வரும். மார்லிஸின் இடது முழங்கால் ஒன்று நீங்கலாக மற்றபடி எல்லாரும் எல்லாமும் சுகம். அரிசோனா வெயிலில் நீயும் உன் கள்ளிச்செடிகளும் உன் சீட்டாட்டக் கூட்டமும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மினசோட்டாவில் இன்னும் பனி விழவில்லை. விழப்போகிறது என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் போனில் நீ, "ஒரே ஒரு விவாகரத்துக்குப் பதினாலு மாசமாடா? நான் மூணு புருஷனையும் சேர்த்து அனுப்புறதுக்கே அவ்வளவு நாள் ஆகலையேடா" என்று கேட்டுச் சிரித்தாய். நான் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனை வைத்தேன். நேரில் பேச வராதவனுக்கு எழுத வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். நாளை மறுநாள் புதன்கிழமை எல்லாம் முடிகிறது. அதற்குள் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து இதைச் சீட்டாடும் இடத்தில் உரக்கப் படிக்காதே.

மார்லிஸ் ஏன் போனாள் என்பது உனக்குத் தெரியும். நான் பேசுவதில்லை. முப்பத்துநான்கு வருஷம் பொறுத்துவிட்டு, போன வருஷம் ஜூலையில் அவள் ஒரு வாரம் முழுக்க நான் பேசிய வார்த்தைகளைச் சமையலறைக் காலண்டரில் குறித்துவைத்தாள். மொத்தம் பதினொன்று. அதில் நான்கு குஸ்தாவிடம் சொன்னவை. அவள் காலண்டரைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "வெர்னர், நான் போறேன்" என்றாள். நான் "சரி" என்றேன். அது பன்னிரண்டாவது வார்த்தை, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. அவள் கடைத்தெருவில் முடிதிருத்தும் கடைக்கு மேலே மாடியில் ஒரு வீடு பிடித்தாள். இடது முழங்கால் தேய்ந்துபோன அறுபத்து மூன்று வயதுக்காரி பதினேழு படிக்கட்டுக்கு மேலே குடிபோனாள் என்றால் என் மௌனத்தின் கனத்தை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

பிறகு வக்கீல்கள் வந்தார்கள். சம்மனோடு ஒரு தாள் வந்தது. விவாகரத்து முடிகிற நாள்வரை இருக்கிற இன்சூரன்ஸில் யாரும் கை வைக்கக் கூடாது, நீக்கக் கூடாது, குறைக்கக் கூடாது, மீறினால் கோர்ட் அவமதிப்பு என்று அதில் போட்டிருந்தது. மார்லிஸ் ஓட்டுவது பள்ளிக்கூட பஸ், காலை இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம். அந்த வேலைக்கு இன்சூரன்ஸ் கிடையாது. முப்பத்துநான்கு வருஷமாக அவள் பல், கண், முழங்கால் எல்லாம் எங்கள் ஜன்னல் தொழிற்சாலையின் இன்சூரன்ஸில் என் பெயருக்குக் கீழேதான் இருந்தன. அரசாங்க இன்சூரன்ஸ் அறுபத்தைந்து வயதில்தான் வரும். ஆகவே இரண்டு வக்கீல்களும் உட்கார்ந்து ஒரு வரி எழுதினார்கள்: தீர்ப்பு நாள்வரை மார்லிஸின் உடம்புக்கு வெர்னர் பொறுப்பு, அதற்குப் பிறகு அவரவர் உடம்பு அவரவர் பொறுப்பு. நான் கையெழுத்துப் போட்டேன், அவளும் போட்டாள். இதுவரை எல்லாம் கண்ணியமாகத்தான் நடந்தது.

கண்ணியம் போனது கைப்பட்டையால். எங்கள் தொழிற்சாலையில் உடல்நலத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள், அக்கா. ஊழியரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு தினம் எட்டாயிரம் காலடி நடக்க வேண்டும். நடந்தால் நல்ல இன்சூரன்ஸ். இரண்டு பேரில் ஒருவர் நடக்காவிட்டாலும் இரண்டு பேருக்கும் மட்டமான இன்சூரன்ஸ். மட்டமானதில் முழங்கால் என்ற உறுப்பே கிடையாது. நான் வக்கீலிடம் கேட்டேன். அவர் சந்தோஷமாக, "மட்டத்துக்கு இறங்கினா அது இன்சூரன்ஸைக் குறைச்ச மாதிரிதான் வெர்னர். அவங்க நடக்கலைன்னா கோர்ட்டுக்குப் பதில் சொல்ற ஆள் நீங்கதான்" என்றார். நான் பட்டையை எடுத்துக்கொண்டு பதினேழு படி ஏறிப் போனேன். மார்லிஸ் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் முழங்காலைப் பார்த்தாள்.

"நடக்க முடிஞ்சா எனக்கு எதுக்கு வெர்னர் ஆபரேஷன்?"

"கோர்ட்டு" என்றேன்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் என் உடம்புக்கு நீதானே பொறுப்பு? அப்ப நீயே நட" என்று கதவைச் சாத்தினாள்.

நடந்தேன். இரண்டு கையிலும் இரண்டு பட்டை, எனக்கு எட்டாயிரம், மார்லிஸுக்கு எட்டாயிரம். ஆனால் பட்டை சாதாரணமானது இல்லை. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் நடந்தால் அது சந்தேகப்பட்டு எச்சரிக்கை அனுப்புகிறது. ஆகவே எனக்குத் தனியாக நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து பட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி அவளுக்காகத் தனியாக நடந்தேன். ஏரிக்கரையில் நான் ஒரே தடத்தில் இரண்டு முறை போவதைப் பார்த்து, பிரிவு என்னை வாட்டுகிறது என்று லூத்தரன் சபையில் எனக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். ஒன்பதாவது நாள் என் குதிகால் வீங்கியது. அன்றைக்குத்தான் குஸ்தாவ் முற்றத்தில் அணிலைத் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். ஆட்டு மந்தை மேய்க்கப் பிறந்த நாய், மேய்க்க எங்களிடம் ஆடு இல்லை. பட்டையைக் கழற்றி அதன் முன்னங்காலில் கட்டினேன். வேறு யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள், அக்கா. உன் இரண்டாவது புருஷன் இன்னும் மோசமாகச் செய்திருப்பார்.

முதல் நாள் மார்லிஸ் நாற்பத்தோராயிரம் காலடி நடந்தாள்.

நான் எட்டாயிரம் வந்ததும் கழற்றியிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் காலை ஐந்து மணி ஷிப்ட், நான் வேலைக்குப் போனபிறகு அதை யார் கழற்றுவது? ஒரு மாதத்தில் மார்லிஸ் தொழிற்சாலையிலேயே முதலிடம். சாப்பாட்டு அறைச் சுவரில் அவள் படத்தை ஒட்டி, அறுபத்து மூன்று வயதில் இப்படியா என்று கீழே எழுதினார்கள். என் மேலதிகாரி என்னைக் கட்டிப்பிடித்து, "இப்படிப்பட்ட பொம்பளையை விட்டுட்டியேப்பா" என்றார். பரிசு ஒரு மிக்ஸி. கோடைக் கூட்டத்தில் அவளுக்குப் பதிலாக நான்தான் மேடையேறி வாங்கினேன். ஆபீசில் இன்சூரன்ஸ் பார்க்கிற காலீன் உரை நிகழ்த்தச் சொன்னாள். "நன்றி" என்றேன்.

அதன்பிறகு ஷெல்பி என்று ஒரு நர்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் செய்தாள். தேன் மாதிரி குரல், ஆனால் விடுவதில்லை.

"சார், உங்க மனைவியோட நடை அபாரம். ஆனா தூக்கம் மட்டும் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் காட்டுது. விட்டு விட்டுத் தூங்குறாங்க. மனசுல ஏதாவது கவலையா?"

"இருக்காது" என்றேன்.

"இன்னொண்ணு. தினமும் பதினொண்ணு பத்துக்கு அவங்க நாடித்துடிப்பு நூத்தி எண்பதுக்கு எகிறுது. ரெண்டு நிமிஷம். அப்புறம் அடங்கிடுது. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லை. அந்த நேரத்துல வீட்டுக்கு யார் வர்றாங்க சார்?"

நான் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "தபால்காரர்."

அவள் மிகவும் மென்மையாக, "நான் ரொம்ப வருத்தப்படுறேன் சார்" என்றாள். இதை நான் என் வக்கீலிடம் சொன்னது அடுத்த தவறு. அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நம் மாநிலத்தில் விவாகரத்துக்கு யார் மேலும் குற்றம் காட்டத் தேவையில்லை என்றாலும் அவருக்கு முப்பது வருஷமாக இப்படி ஒரு கேஸுக்கு ஆசையாம். தபால்காரர் டுவேன் ஐம்பத்தெட்டு வயது பிரம்மச்சாரி, சபையில் காணிக்கைத் தட்டு பிடிக்கிறவர், நாய் என்றால் நடுங்குகிறவர். அவருக்கு என் வக்கீலிடமிருந்து கடிதம் போனது. அதை அவரேதான் தபாலில் எடுத்துப்போய்த் தன் வீட்டில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து என் வீட்டுக்குத் தபாலும் இல்லை, வாசலில் வைக்கிற கடிதத்தை அவர் எடுப்பதும் இல்லை.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பாக இல்லாதது ஆகஸ்டில் வந்தது. மார்லிஸின் டாக்டர் முழங்காலை மாற்ற வேண்டும் என்று இன்சூரன்ஸுக்கு எழுதினார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். உறுப்பினர் தினசரி சராசரியாக முப்பத்தெட்டாயிரம் காலடி ஓடுகிறார், வேலி தாண்டும் அளவுக்கு மூட்டுகள் வலுவாக உள்ளன, அறுவைச் சிகிச்சை அவசியமற்றது, மேலும் இதே உற்சாகத்துடன் தொடர வாழ்த்துகிறோம் என்று கடிதம். மார்லிஸ் அந்தக் கடிதத்தோடு என் வீட்டுக்கே வந்தாள். முற்றத்தில் குஸ்தாவ் அவளைப் பார்த்த சந்தோஷத்தில் வேலி தாண்டியது. அதன் காலில் பட்டை பச்சையாக மின்னியது.

அவள் கத்தவில்லை, அக்கா. கத்தியிருக்கலாம். வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜனவரியில எனக்கு டிரைவர் பரிசோதனை வெர்னர். கிளட்ச்சை மூணு செகண்டுக்கு மேல மிதிச்சுப் பிடிக்கச் சொல்வாங்க. இந்தக் காலை வச்சுக்கிட்டு முடியாது. பஸ் போயிடும். எனக்கு இருக்கிறது அந்த பஸ் மட்டும்தான்."

நான் உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்துவந்தேன். அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். நம் ஊர் பஸ்கள் பழையவை. கிளட்ச்சுக்கு இடது கால்தான். அவளுக்குத் தேய்ந்ததோ அந்த இடது கால், அது மாதாமாதம் மோசமாகிக்கொண்டு வந்தது. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் அடுத்து எழுதப்போகிறேன். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மேல்முறையீடு போட்டேன். பதினாறு பக்கம், என் கையெழுத்தில். செப்டம்பர் பத்தாம் தேதி போன் வழியாக விசாரணை. ஒரு டாக்டர், நர்ஸ் ஷெல்பி, ஆபீசிலிருந்து காலீன், மாடி வீட்டிலிருந்து மார்லிஸ், சமையலறையில் நான். மார்லிஸ் இணைப்பில் இருப்பது எனக்குத் தெரியாது. அவள் வழக்கமாக ஹலோ சொல்கிறவள், அன்று சொல்லவில்லை.

"அந்தக் காலடி எல்லாம் நாயோடது" என்று ஆரம்பித்தேன். காலீன் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. நாய் என்ன இனம் என்று டாக்டர் கேட்டார், சொன்னேன். நாடித்துடிப்பும் நாயுடையதா என்று ஷெல்பி கேட்டாள், ஆமாம் என்றேன். "அப்ப தபால்காரர்?" என்றாள். "அவர் தபால்காரர் மட்டும்தான்" என்றேன். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

பிறகு டாக்டர், "சரி, பட்டைக் கணக்கை விட்டுடுவோம். முழங்கால் உண்மையிலேயே அவ்வளவு மோசமான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லகூட இல்லையே" என்றார்.

அக்கா, அப்போது எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. பேசினேன்.

"அவ படியில பின்பக்கமாத் திரும்பித்தான் இறங்குவா. ஏணியில இறங்குற மாதிரி. ரெண்டு கையாலயும் கைப்பிடியைப் பிடிச்சுக்குவா. மொத்தம் பதினேழு படி. ஒம்பதாவது படியில ஒரு தடவை நிப்பா. யாராவது பார்த்தா சாவியைத் தேடுற மாதிரி பையைத் துழாவுவா. சாவி அங்க இருக்காது, கோட்டுப் பாக்கெட்லதான் இருக்கும். கீழ வந்ததும் உதட்டைத் துடைச்சுக்கிட்டு ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கிட்டுத்தான் தெருவுக்கு வருவா. பஸ்ல ஏறுறப்போ இடது காலைக் கையால தூக்கி உள்ள வைப்பா. ஏன்னா முப்பத்தெட்டுப் பிள்ளைங்க வாசல்ல காத்துக்கிட்டு நிக்கும், லேட் ஆகக் கூடாதுன்னு நினைப்பா. மே மாசத்துல ரெண்டு கையும் தேவைப்படலை, ஒரு கை போதும். இப்ப ரெண்டும் வேணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"இதெல்லாம் எப்படிப் பார்த்தீங்க?"

"எதிர்ல ஆணிக் கடை இருக்கு. ஷிப்ட் முடிஞ்சு வந்து அங்க நிப்பேன். ஓசிக் காபி குடுப்பாங்க."

"தினமுமா?"

"சனி, ஞாயிறு, பள்ளிக்கூட லீவு கிடையாது. அன்னிக்கு அவ பஸ் எடுக்க இறங்கமாட்டா. சும்மா நின்னா கடைக்காரர் தப்பா நினைப்பாருன்னு தினம் ஒரு டப்பா ஆணி வாங்குவேன்."

அப்போது மார்லிஸின் குரல் வந்தது. "எத்தனை டப்பா வெர்னர்?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "நூத்திப் பன்னெண்டு."

"அத்தனை ஆணியை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?"

டப்பாக்கள் எல்லாம் இன்னும் பிரிக்காமல் அடுக்கியபடியே இருக்கின்றன. 

ஆபரேஷனுக்கு அனுமதி கிடைத்தது, அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி. தண்டனையாக நான் மிக்ஸியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், உண்மையாக நடப்பது எப்படி என்ற வகுப்புக்கு ஆறு வாரம் போக வேண்டும். வகுப்பில் நான் மட்டும்தான். சுவரில் மார்லிஸின் படம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஒருவர் படம் இருக்கிறது, அவர் வீட்டில் குதிரை வளர்க்கிறார் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசிக் கட்டம் தேதி. எங்கள் இன்சூரன்ஸில் தீர்ப்பு எந்த மாதம் வருகிறதோ அந்த மாதக் கடைசிவரை மனைவிக்கு இடம் உண்டு. அதனால்தான் இந்த ஊரில் விவாகரத்துக்காரர்கள் எல்லாரும் மாதத்தின் முதல் இரண்டு நாளுக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள். நான் கோர்ட் குமாஸ்தாவிடம் நான்கு தடவை நடந்து அக்டோபர் இரண்டாம் தேதியை வாங்கினேன். தீர்ப்பு இரண்டாம் தேதி, ஆபரேஷன் இருபத்திரண்டு, இன்சூரன்ஸ் முப்பத்தொன்றுவரை. ஒரு ஓட்டை இல்லை. முப்பத்துநான்கு வருஷத்தில் அவளுக்காக நான் ஒழுங்காகச் செய்து முடித்த காரியம் இது ஒன்றுதான் என்று பெருமையாகவே இருக்கிறது. நேற்று மார்லிஸ் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கு உருண்டையும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கதவைத் தட்டவில்லை. தட்டு சூடாக இருந்தது.

ஆகவே புதன்கிழமை முதல் நான் சுதந்திர மனிதன். அவளுக்கு ஆபரேஷன் ஆனதும் நவம்பர் முதல் வாரம் உன்னிடம் வருகிறேன். பின்பக்க அறையைத் தயார் செய்துவை. வசந்தம்வரை இருப்பேன். குஸ்தாவும் வரும். உன் பக்கத்து வீட்டு விதவையைப் பற்றி நீ போனில் சொன்னாயே, அந்த அம்மாள் அதிகம் பேசுகிறவர் என்றால் நான் கேட்டுக்கொண்டிருக்கத் தயார்.

எல்லாம் வல்ல இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும், நல்ல சீட்டுகளையும், அவற்றையெல்லாம்விட முக்கியமாகத் தேயாத முழங்கால்களையும் தந்து காப்பாராக. உன் கூட்டத்தார் அனைவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
வெர்னர் ஹால்வர்சன்
(புதன்கிழமை முதல் தனிக்கட்டை)

பின்குறிப்பு, அக்டோபர் 2, புதன், மாலை: டுவேன் இந்தக் கடிதத்தை வாசலிலிருந்து எடுக்காததால் மீண்டும் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதிய எதையும் நம்பாதே. இன்று காலை நானும் மார்லிஸும் கோர்ட்டுக்குப் போனோம். அறை பூட்டியிருந்தது. குமாஸ்தா முகமெல்லாம் சிரிப்பாக, "உங்க பேப்பர் எல்லாம் சுத்தமா இருந்துச்சு, சண்டை ஒண்ணும் இல்லை. ஜட்ஜ் அம்மா காட்டுக்கோழி வேட்டைக்கு லீவுல போறதால திங்கட்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கே கையெழுத்துப் போட்டுட்டாங்க. உங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றார். திங்கள் என்றால் செப்டம்பர் முப்பது, அக்கா. இன்சூரன்ஸ் அன்று நடுராத்திரியோடு போய்விட்டது. நான் சமையலறையில் உட்கார்ந்து ஒரு ஓட்டை இல்லை என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது.

நேரே காலீனிடம் போனோம். விவாகரத்தான மனைவி அதே இன்சூரன்ஸில் தானே முழுத்தொகையும் கட்டித் தொடரலாம், அதற்குப் பத்தொன்பது பக்கம், முழங்கால் அனுமதி முதலிலிருந்து, அந்தப் போன் விசாரணையும் முதலிலிருந்து. "வேற வழியே இல்லையா?" என்றேன். காலீன் தயங்கி, "புதுசாக் கல்யாணம் ஆனவங்களைச் சேர்க்கிறதுக்கு ஒரே ஒரு பக்கம்தான். அன்னிக்கே சேர்ந்துடும்" என்றாள். நான் மார்லிஸைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஒரு பக்கம்தானே" என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் கல்யாணம், அதே கோர்ட்டில், அதே குமாஸ்தா. இரண்டு சாட்சி வேண்டும், ஒன்று காலீன், இன்னொன்று நீ. உடனே விமானம் ஏறு. இந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் வெள்ளி வந்துவிடும் என்பதால் இதையெல்லாம் இன்று போனிலும் சொல்லுகிறேன். இது முழுக்க முழுக்க இன்சூரன்ஸுக்காக மட்டுமே என்று எழுதி அடிக்கோடிடச் சொல்லி மார்லிஸ் சொன்னாள், கோடு போட்டுவிட்டேன். பின்பக்க அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. விதவையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கிளம்பும்போது குமாஸ்தாவிடம், அடுத்த விவாகரத்துக்கு ஜனவரி இரண்டாம் தேதியை இப்போதே எழுதிவைக்க முடியுமா என்று கேட்டேன். மார்லிஸ் என் கையைப் பிடித்து, "பிசியோதெரபியே ஆறு மாசம் இருக்கு வெர்னர்" என்றாள். அப்படியானால் ஜூலை என்றேன். "அதுக்கப்புறம் வலது முட்டி இருக்குல்ல" என்றாள்.

அவள் வலது முழங்காலில் ஒரு குறையும் கிடையாது, அக்கா. ஜனவரியிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு நாள் பார்த்தவன் சொல்கிறேன். ஆனால் அங்கே நான் வாயைத் திறக்கவில்லை.